எலிக்குப் பொருத்திய சிறுநீரகம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

"எலிக்கு நல்லாயிட்டாம்லா அண்ணாச்சி, நமக்கு எப்ப வரும்?"

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் டயாலிசிஸுக்கு ஆள் கூட்டி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பேப்பரில் 'எலிகளில் வெற்றி' என்று நாலு வரி வந்திருக்கும். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிப்பதை நிறுத்த மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேச்சு பரவும். எந்த எலி, எந்த நிராகரிப்பு, மருந்தை எந்த நாளில் கொடுத்தார்கள் என்று அந்த நாலு வரியில் இருக்காது. விஷயமே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

## நிராகரிப்பு என்பது ஒரே நோய் இல்லை

ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தும்போது, பெற்றவரின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். இது மூன்று வேகத்தில் வரும்.

முதல் வகை, ரத்தக் குழாயை இணைத்த சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ வருவது. பெற்றவரின் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்புரதம் இருந்தால் இப்படி ஆகும். கிருமியையோ அந்நிய திசுவையோ குறிவைத்து உடல் தயாரிக்கும் புரதத்துக்குத்தான் எதிர்ப்புரதம் என்று பெயர். ஆபரேஷனுக்கு முன் இருவரின் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் சோதனை வந்த பிறகு இந்த வகை மிகவும் அபூர்வமாகிவிட்டது.

இரண்டாவது, நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வரும் தீவிர நிராகரிப்பு. டி-செல் எனப்படும் வெள்ளணுக்கள் உறுப்புக்குள் கூட்டமாக நுழைந்து தாக்கும். 1980-களில் புழக்கத்துக்கு வந்த சைக்ளோஸ்போரினும் பிறகு வந்த டாக்ரோலிமஸும் இதைப் பெருமளவு அடக்கிவிட்டன.

மூன்றாவதுதான் நாள்பட்ட நிராகரிப்பு. மாதங்கள், வருடங்கள் எடுத்து, காய்ச்சலும் இல்லாமல் வலியும் இல்லாமல் உறுப்பு தழும்பாக மாறும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் வரலாம். இதற்கென்று நம்பகமான மருந்து இன்னும் கையில் இல்லை.

தீவிர நிராகரிப்பை அடக்கும் மருந்து நாள்பட்டதையும் தடுத்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கினாலும் போகும் வழி வேறு.

## வாய்க்கால் உள்ளுக்குள் ஒடுங்கும் கதை

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். கரை உடைந்து வெள்ளம் புகுந்தால் அன்றைக்கே தெரியும். ஆள் திரண்டு மணல் மூட்டை போட்டு அடைத்துவிடலாம். தீவிர நிராகரிப்பு அப்படி. ஆனால் கன்னடியன் கால்வாயில் வருடா வருடம் வண்டல் படிந்து இரண்டு கரையும் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் தடித்துக்கொண்டே வந்தால்? தலைமடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கடைமடையில் பயிர் வாடும்போதுதான் பேச்சு வரும். அப்போது கால்வாய் பாதி ஒடுங்கியிருக்கும்.

மாற்றிய உறுப்பின் ரத்தக் குழாயில் நடப்பது ஏறக்குறைய இதுதான். குழாயின் உள்தோலை டி-செல்லும் எதிர்ப்புரதமும் விடாமல் சீண்டுகின்றன. உள்தோல் காயப்பட்டு ஆறி, மறுபடி காயப்பட்டு ஆறி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடிக்கிறது. சுவரின் தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து பெருகுகின்றன. குழாயின் துவாரம் சுருங்குகிறது. அதற்கு அப்பால் உள்ள திசு, அதாவது கடைமடை, ரத்தம் போதாமல் நாராக மாறுகிறது. சிறுநீரகத்தில் வடிகட்டிச் சல்லடையும் தடித்துப்போவதால் புரதம் சிறுநீரில் ஒழுகும்.

இந்த உவமை ஒரு இடத்தில் உதைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டல் வெளியிலிருந்து வந்து படிவது. இங்கே சுவரே வளர்கிறது. சாதாரண மாரடைப்பில் கொழுப்பு குழாயின் ஒரு பக்கத்தில், ஓரிரு இடத்தில் படியும், அதனால் ஸ்டென்ட் வைக்க முடிகிறது. நாள்பட்ட நிராகரிப்பில் குழாய் நெடுக, சின்னக் கிளைகள் வரை, வளையமாகத் தடிக்கும். ஸ்டென்ட் வைக்க ஒரு தனி இடமே அகப்படாது.

சுருக்கமாக: தீவிரம் என்றால் உடைப்பு, நாள்பட்டது என்றால் ஒடுக்கம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் ஏறுவதற்குள் ஒடுக்கம் வெகுதூரம் போயிருக்கும்.

## ஒரே கட்டையின் பக்கக்கன்றுகள்

மனிதர்களிலேயே இதை ஆராயக் கூடாதா? ஆராய்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளிக்கு சர்க்கரை, இன்னொருவருக்கு ரத்தக் கொதிப்பு, மூன்றாமவர் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவர். தழும்பு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. பத்து வருடம் காத்திருக்கவும் வேண்டும். வாரா வாரம் ஒருவரின் சிறுநீரகத்தில் ஊசி குத்தி பயாப்சி எடுக்கவும் முடியாது.

ஆய்வகம் இங்கே வாழைத்தோட்டக்காரரின் வழியைப் பிடிக்கிறது. களக்காட்டில் ஒரே கட்டையிலிருந்து பிரித்து நட்ட ஏத்தன் கன்றுகள் எல்லாம் ஒரே சாயலாக வரும். ஒன்றுக்கு உரம் போட்டு இன்னொன்றுக்கு விட்டால், வித்தியாசம் உரத்தால்தான் என்று அடித்துச் சொல்லலாம். எலியில் இதைச் செய்ய அண்ணன் தங்கை இனச்சேர்க்கையைக் குறைந்தது 20 தலைமுறைக்குத் தொடர்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வம்சத்து எலிகள் மரபில் ஏறக்குறைய ஒன்றே. இதை உள்ளினக் கால்வழி என்கிறார்கள்.

ஒரே கால்வழிக்குள் சிறுநீரகம் மாற்றினால் நிராகரிப்பு வராது. மனிதரில் வெற்றியான முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் நடந்ததும் ஒரே கரு இரட்டையர்களுக்கு இடையில்தான். காரணம் அதேதான்.

செல்லின் மேற்பரப்பில் 'நான் இன்னார்' என்று காட்டும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு எம்.எச்.சி. என்று பெயர், மனிதரில் எச்.எல்.ஏ. என்பார்கள். இரண்டு கால்வழிகளின் எம்.எச்.சி. எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு வேகமாக நிராகரிப்பு வரும். எந்தக் கால்வழியை எதனோடு சோடி சேர்ப்பது என்பதில்தான் ஆராய்ச்சியாளரின் கைத்திறன்.

இந்தியாவில் இதை நினைத்தபடி செய்ய முடியாது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத்தான் அனுமதி தரும்.

## ஃபிஷர் கொடுக்க, லூயிஸ் வாங்க

நாள்பட்ட நிராகரிப்புக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட மாதிரி இதுதான். ஃபிஷர் 344 என்ற வெள்ளெலிக் கால்வழியின் இடது சிறுநீரகத்தை லூயிஸ் என்ற கால்வழி எலிக்குப் பொருத்துவார்கள்.

ஏன் இந்தச் சோடி? வேறுபாடு பெரிதாக இருந்தால் எலி ஒன்றிரண்டு வாரத்தில் தீவிர நிராகரிப்பில் செத்துவிடும். நாள்பட்டது வர நேரமே இருக்காது. வேறுபாடே இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. ஃபிஷரும் லூயிஸும் எம்.எச்.சி.யில் கிட்டத்தட்டச் சொந்தக்காரர்கள், சின்ன வேறுபாடுதான். அதனால் எதிர்ப்பு மெதுவாகப் புகைகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் 10 நாள் மட்டும் சைக்ளோஸ்போரின் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 மி.கி. என்பது வழக்கமான ஒரு கணக்கு, 250 கிராம் எலிக்கு 0.375 மி.கி. வரும், 5 மி.கி. கொடுக்கும் ஆய்வகங்களும் உண்டு. இந்தப் பத்து நாள் மருந்து முதல் உடைப்பை மட்டும் தடுக்கிறது. பிறகு மருந்து இல்லாமல் எலி வாழும், ஒடுக்கம் ஆரம்பமாகும். அதாவது நாள்பட்டதைப் பார்க்க வேண்டுமானால் முதலில் தீவிரத்தை அடக்கியாக வேண்டும். மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தாலும் காரியம் கெடும்: எதிர்ப்பு முழுக்க அமுங்கிவிடும், போதாக்குறைக்கு சைக்ளோஸ்போரினே சிறுநீரகத்தில் தழும்பு போடும். அப்போது மைக்ரோஸ்கோப்பில் தெரிவது நிராகரிப்பா மருந்தின் நஞ்சா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆபரேஷன் முழுக்க மைக்ரோஸ்கோப்பின் கீழ்தான். தானம் தரும் எலியின் சிறுநீரகத்தைக் குளிர்ந்த உப்புநீரால் கழுவி எடுத்து, பெறும் எலியின் இடது சிறுநீரகத்தை அகற்றிய இடத்தில் தமனியையும் சிரையையும் முனைக்கு முனை தைப்பார்கள். தைக்கும் 10-0 நைலான் நூலின் தடிமன் 0.02 முதல் 0.029 மி.மீ.; தலைமுடியைவிட மெல்லியது. கடைசியில் சிறுநீர்க்குழாயை இணைப்பார்கள். எலியின் சொந்த வலது சிறுநீரகத்தைப் பெரும்பாலும் பத்தாம் நாள் வாக்கில் எடுத்துவிடுவார்கள். அதை விட்டுவைத்தால் புதியது கெட்டாலும் பழையது வேலையைச் சமாளித்துவிடும், கிரியேட்டினின் ஏறாது, ஏமாந்துபோவோம்.

பிறகு காத்திருப்புதான். எலியை அடியில் கம்பி வலையும் புனலும் உள்ள தனிக் கூண்டில் 24 மணி நேரம் விட்டு, சிறுநீரைப் பிடித்துப் புரதத்தை அளப்பார்கள். சுமார் 12 வாரத்தில் புரதம் ஏறத் தொடங்கும். 24 வாரம் வரை, சில ஆய்வுகளில் ஒரு வருடம் வரை கொண்டுபோவார்கள். இரண்டு மூன்று வருடமே வாழும் எலிக்கு இது நீண்ட காலம். கடைசியில் திசுவை மெல்லிசாகச் சீவி மேசன் சாயம் ஏற்றினால் தழும்பு நீலமாகத் தெரியும். நல்ல சிறுநீரகத்தில் நீலம் மெல்லிய கோடாக ஓடும். 24 வாரத்துச் சிறுநீரகத்தில் சிவந்த குழல்களுக்கு நடுவே நீலம் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும். தமனியின் குறுக்குவெட்டில் தடித்த வளையமும் நடுவில் ஊசிக்கண் அளவு துவாரமும் இருக்கும்.

எங்கே தப்பும்? தையல் சற்று இறுகினால் தமனி அடைத்து மறுநாளே உறுப்பு கறுக்கும். அது உடனே தெரிவதால் தொல்லை இல்லை. சிறுநீர்க்குழாய் இணைப்பு மெல்ல ஒடுங்குவதுதான் கள்ளத்தனமானது: சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, உள்ளே தழும்பு வரும், பார்க்க நாள்பட்ட நிராகரிப்பு மாதிரியே இருக்கும். ரத்தம் இல்லாமல் உறுப்பு வெளியே இருந்த நிமிடங்கள் கூடினாலும் தழும்பு கூடும். போதாதற்கு, ஃபிஷர் எலிக்கு வயதானால் சிறுநீரகம் தானாகவே கெடும் சுபாவம் உண்டு. சாதாரண ஆண் எலிக்கே சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகும்.

அதனால்தான் இன்னொரு கூட்டம் எலிகள் வேண்டும்: லூயிஸிலிருந்து லூயிஸுக்கே, அதே கை, அதே நூல், அதே நிமிடக் கணக்கு, அதே பத்து நாள் மருந்து. இதை ஐசோகிராஃப்ட் என்பார்கள். அங்கே வரும் தழும்பு ஆபரேஷனாலும் மருந்தாலும் வந்தது. ஃபிஷர்–லூயிஸில் அதற்கு மேல் வருவதே நிராகரிப்பு. ஐசோகிராஃப்ட் இல்லாத ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

சுருக்கமாக: சின்ன வேறுபாடு, பத்து நாள் மருந்து, ஆறு மாதக் காத்திருப்பு, பக்கத்திலேயே ஒப்பிட ஒரு ஐசோகிராஃப்ட்.

## வயிற்றுக்குள் துடிக்கும் இரண்டாவது இதயம்

வெள்ளெலியைவிடச் சுண்டெலியில் மரபணுவை நினைத்தபடி மாற்றலாம். ஆனால் சுமார் 25 கிராம் உயிருக்குச் சிறுநீரகம் மாற்றுவது மகா கஷ்டம். அதனால் அங்கே இதயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சுண்டெலியின் சொந்த இதயம் மார்பில் அப்படியே இருக்கும். இரண்டாவது இதயத்தை வயிற்றில் வைத்து, அதன் மகாதமனியை வயிற்று மகாதமனியோடும், நுரையீரல் தமனியைப் பெருஞ்சிரையோடும் இணைப்பார்கள். ரத்தம் தலைகீழாக நுழைந்து, வால்வு மூடிக்கொள்ள, இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குள் போகும். துடிக்கும், ஆனால் உடலுக்காக ரத்தம் இறைக்கும் வேலை அதற்கு இல்லை. 1973 முதல் இந்த முறை புழக்கத்தில் உள்ளது.

தினமும் வயிற்றை விரலால் தொட்டுத் துடிப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். தீவிர நிராகரிப்பில் துடிப்பு நின்றுபோகும், கணக்கு சுலபம். நாள்பட்டதற்கு இந்த விரல் கணக்கு உதவாது: தமனி முக்கால்வாசி ஒடுங்கிய இதயமும் நன்றாகவே துடிக்கும். வெட்டிப் பார்த்தால்தான் உண்டு. 'நூறு நாள் துடித்தது' என்ற செய்தி மட்டும் வந்தால் உற்சாகப்பட அவசரம் வேண்டாம்.

பி.எம்.12 என்ற கால்வழியின் இதயத்தை பி6 என்ற கறுப்புச் சுண்டெலிக்கு வைப்பது இதில் பேர்போன சோடி. இவற்றின் வேறுபாடு ஒரே ஒரு எம்.எச்.சி. புரதத்தில் வெறும் மூன்று அமினோ அமிலம். எதிர்ப்பை அடக்கும் மருந்தே கொடுக்காமல் சில வாரங்களில் தமனி தடித்துவிடும்.

சுண்டெலியின் உண்மையான பலம் ஒற்றைக் கேள்வியைக் கூராகக் கேட்பதில். டி-செல்லே இல்லாமல் எதிர்ப்புரதம் மட்டும் தமனியைத் தடிக்கச் செய்யுமா? 1994-இல் பாஸ்டனில் பால் ரஸல் குழு, டி-செல்லும், எதிர்ப்புரதம் தயாரிக்கும் செல்லும் இல்லாத சுண்டெலிக்கு இதயத்தைப் பொருத்தி, எதிர்ப்புரதத்தை மட்டும் ஊசியில் செலுத்திப் பார்த்தது. தமனி தடித்தது. மனிதரில் இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கேட்க வழியே கிடையாது.

## மற்றவை

நுரையீரல் மாற்றியவர்களுக்குச் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பால் அடைபடும். இதைப் பார்க்க மூச்சுக்குழாய்த் துண்டை இன்னொரு எலியின் தோலுக்கடியில் புதைக்கும் எளிய முறை உண்டு. மூன்று நாலு வாரத்தில் துண்டு நாரால் அடைந்துவிடும். மலிவு, வேகம். ஆனால் அது பெருங்குழாய், காற்றும் போவதில்லை, ரத்தக் குழாயும் இணைக்கப்படுவதில்லை. நுரையீரலைப் பற்றி அது சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்வது நல்லது. மகாதமனித் துண்டை மாற்றும் முறையும் இப்படித்தான், சுவர் தடிப்பதைப் பார்க்கலாம், உறுப்பு என்று ஒன்று அங்கே இல்லை.

மனித அளவு உறுப்புக்கு, எம்.எச்.சி. தெரிந்து வளர்க்கப்பட்ட சிறுபன்றிகள் இருக்கின்றன. டேவிட் சாக்ஸ் குழு உருவாக்கியவை. மனிதரைப் போலவே பன்றியின் ரத்தக் குழாய் உள்தோலும் 'இரண்டாம் வகுப்பு' எனப்படும் ஒரு வகை எம்.எச்.சி.யைச் சாதாரணமாகவே காட்டும். எலியின் உள்தோல் அப்படிக் காட்டாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் தாக்கப்படும் இடமே அந்த உள்தோல்தான்.

கடைசிப் படி குரங்கு. சிறுநீரகம் மாற்றிய குரங்குகளில்தான் நாள்பட்ட நிராகரிப்பின் வரிசை தெளிவானது: முதலில் ரத்தத்தில் எதிர்ப்புரதம், பிறகு திசுவில் அதன் தடம், பிறகு சல்லடை தடிப்பது, கடைசியில்தான் கிரியேட்டினின் ஏறுவது.

## எங்கே கைவிடும்

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில் ஒரு ரகம் நன்றாக விளைந்தது என்றால் அந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனால் மானூர்ப் பக்கம் மழையை நம்பிய குளத்துப் பாசனத்தில் அதே மகசூல் வருமா என்பது வேறு கேள்வி. ஆய்வக எலியும் அந்த வயல்தான்.

அது கிருமியே அண்டாத கூண்டில் வளர்கிறது. நாமோ சளி, அம்மை, டெங்கு என்று ஆயிரம் கிருமியைப் பார்த்தவர்கள். நம் உடலில் நினைவு டி-செல் ஏராளம். பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் இந்தச் செல்களில் சில, புதிய உறுப்பையும் ஆள் மாறித் தாக்கும். சுத்தமான எலியில் இவை மிகக் குறைவு, அதனால் மருந்து சுலபமாக ஜெயிக்கிறது. எலிக்குத் தானம் வருவது ஆரோக்கியமான இளம் எலியிடமிருந்து. மனிதருக்குப் பல நேரம் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து. எலிக்கு மருந்தை ஆய்வகத்துக்காரர் ஊசியில் போட்டுவிடுவார். கோயில் கொடையில் ராத்திரி மாத்திரையை மறந்த எலி எந்த ஆய்விலும் இல்லை.

இதற்கெல்லாம் மேலான பாடம் சி.டி.154 கதை. டி-செல் முழுதாக விழித்தெழ உதவும் ஒரு மேற்பரப்புப் புரதம் அது. அதை எதிர்ப்புரதத்தால் மறித்தபோது சுண்டெலியில் உறுப்பு நெடுநாள் நின்றது. 1990-களின் பிற்பகுதியில் குரங்கிலும் சிறுநீரகம் பிரமாதமாக நின்றது. மனிதருக்குப் போனதும் ரத்தம் உறையத் தொடங்கியது. 1999-இல் சோதனையை நிறுத்தினார்கள். சி.டி.154, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளிலும் உண்டு. எதிர்ப்புரதத்தின் வால் பகுதி, தட்டில் உள்ள ஒரு ஏற்பியை, அதாவது அந்த வால் பொருந்தும் ஒரு புரதத்தைப் பிடித்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிட்டது. அந்த ஏற்பி சுண்டெலியில் கிடையவே கிடையாது. எத்தனை ஆயிரம் சுண்டெலியில் செய்திருந்தாலும் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. வாலை மாற்றியமைத்த புதிய வடிவங்களை இப்போது மனிதரில் சோதித்து வருகிறார்கள்.

## அந்த நாலு வரிச் செய்தியை வாசிக்கும்போது

வெள்ளெலியா சுண்டெலியா குரங்கா, எந்தச் சோடி, ஐசோகிராஃப்ட் இருந்ததா என்பதெல்லாம் சரி. எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கேட்க வேண்டியது, மருந்தை எந்த நாளில் ஆரம்பித்தார்கள் என்பது. ஏராளமான ஆய்வுகளில் ஆபரேஷன் அன்றே மருந்து தொடங்கிவிடும். அது தடுப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் அண்ணனுக்கோ மாற்றிய சிறுநீரகம் ஏழு வருடம் ஓடி, புரதம் ஒழுகி, பயாப்சியில் தழும்பு தெரிந்தாயிற்று. அவருக்கு வேண்டியது சிகிச்சை. முளைக்கும் முன் களையைத் தடுக்கிற மருந்து வேறு, வேர்விட்ட கோரையை எடுக்கிற மருந்து வேறு.

பன்னிரண்டாவது வாரம், புரதம் ஏறத் தொடங்கிய பிறகு மருந்தை ஆரம்பித்து, ஐசோகிராஃப்ட் எலியின் அளவுக்குத் தழும்பைக் குறைத்த ஆய்வு என்றால் அண்ணாச்சி இப்படிப் பதில் சொல்லலாம்: "இது விசயம் உள்ள செய்திதான் தம்பி. இன்னும் குரங்குல பாக்கணும், அப்புறம் மனுசன்ல மூணு கட்டம் பாக்கணும். உங்க அண்ணனை அதுவரைக்கும் இருக்கிற மாத்திரைய நேரந்தப்பாமச் சாப்பிடச் சொல்லு."